வீட்டில் பழகப் பழைய வெல்டிங் மிஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராடு பிடித்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்கை வீட்டிலேயே பழக நினைத்து, கைமாறி வரும் மிஷின் ஒன்றைத் தேடுகிறவர்களுக்காக எழுதியது இது. நாள் முழுக்க ராடு எரிக்கிற பட்டறைக்காரருக்குக் கணக்கே வேறு. இங்கே பேசுவது மாலையில் ஒரு மணி நேரம், விடுமுறையில் அரை நாள் என்று கை பழக்குகிறவருக்கானது.

புது இன்வெர்ட்டரே (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் சின்ன வெல்டிங் மிஷின்) மலிவாக வருகிறதே, பழையது எதற்கு?

சில சமயம் புதியதுதான் சரி. பழையதற்கும் புதியதற்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு நல்ல வெல்டிங் ஹெல்மெட் வாங்கக்கூடக் காணாது என்றால், வாரண்டியோடு வருவதையே வாங்கிவிடுங்கள்.

பழையதில் லாபம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ட்ரான்ஸ்பார்மர் மிஷின். உள்ளே இருப்பது இரும்புத் தகடும் கம்பிச் சுற்றும்தான். தேய்ந்துபோக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஈரமும் அதிகச் சூடும் படாமல் வைத்திருந்தால் 30 வருட மிஷின்கூட வாங்கிய அன்று எரித்த மாதிரியே ராடு எரிக்கும். இன்னொன்று, பெயர் தெரியாத புது மிஷினின் விலைக்கு, நல்ல கம்பெனி இன்வெர்ட்டர் பழையதாகக் கிடைப்பது. எப்படியானாலும் மிச்சமாகும் பணம் வீணாகாது. பழகுகிற முதல் இரண்டு மாதம் மிஷினைவிட ராடும் தகடும்தான் காசைத் தின்னும்.

ட்ரான்ஸ்பார்மரா, இன்வெர்ட்டரா?

ட்ரான்ஸ்பார்மர் மிஷின் கனமானது. தூக்க இரண்டு பேர் வேண்டும், இல்லையென்றால் சக்கரம் வேண்டும். பெரும்பாலானவை ஏசி மட்டுமே தரும். ஆம்ப்ஸ் மாற்ற, கைப்பிடியைச் சுற்றி உள்ளே இருக்கும் இரும்புக் கோர் துண்டை நகர்த்துகிற வகை ஒன்று. துளை மாற்றிக் கேபிளைச் செருகுகிற, அல்லது திருகு சுவிட்ச் போட்ட வகை இன்னொன்று. பழகுகிறவருக்குக் கைப்பிடி வகை மேல். 85 வேண்டுமென்றால் 85-இல் நிறுத்தலாம். சுவிட்ச் வகையில் 75-க்கு அடுத்தது 90 என்று தாவும்.

ஏசியில் ஆர்க் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அணைந்து மறுபடி பற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை. அதனால்தான் ராடின் மேல்பூச்சு ஏசிக்கு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது, ஆர்க் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சத்தம் போடுகிறது. டிசியில் இந்தத் தொல்லை இல்லை. மெல்லிய தகட்டிலும் தலைக்கு மேல் வைக்கிற வெல்டிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பதிலுக்கு டிசியில் 'ஆர்க் புளோ' என்று ஒன்று உண்டு. மூலைகளில் காந்தப் புலம் ஆர்க்கை ஒரு பக்கமாகத் தள்ளும். வெல்டு செய்யும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப்பை இடம் மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்வெர்ட்டர் சில கிலோதான். டிசி தரும், லைனிலிருந்து இழுப்பதும் குறைவு. ராடு பற்றும் நொடியில் ஆம்ப்ஸைக் கூட்டித் தரும் ஹாட் ஸ்டார்ட், ஆர்க் குறுகும்போது அணையவிடாமல் தாங்கும் ஆர்க் ஃபோர்ஸ், ராடு ஒட்டிக்கொண்டால் கரண்ட்டைக் குறைக்கும் ஆன்டி ஸ்டிக் என்று வசதிகள் இருக்கும். பலவீனம் அதன் போர்டு. இரும்புத்தூளோ ஈரமோ எலியோ உள்ளே போனால் ஒரே நாளில் உயிர் போகும், ரிப்பேர் செலவு சில சமயம் மிஷின் விலையைத் தொடும்.

என் பக்கம் எது என்று கேட்டால், சாதாரண வீட்டு வயரிங் மட்டும் இருப்பவருக்கு இன்வெர்ட்டர். கனமான லைன் இழுத்த ஷெட்டோ பட்டறையோ இருந்தால் தயங்காமல் ட்ரான்ஸ்பார்மர். 'ஏசியில் பழகினவன் எதிலும் அடிப்பான்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. அதற்காக வீட்டு லைனை எரித்துக்கொண்டு பழக வேண்டியதில்லை.

எத்தனை ஆம்ப்ஸ் தேவை?

ராடின் உள்கம்பிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 30 முதல் 40 ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கைக்கணக்குதான், சரியான அளவு ராடு பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். பொதுவாக 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90, 3.15-க்கு 90 முதல் 130, 4 மி.மீ. ராடுக்கு 140 முதல் 180. வீட்டில் பழகுவது 3 முதல் 6 மி.மீ. தகட்டில், 2.5 அல்லது 3.15 ராடில். ஆக, பொய்யில்லாத 140 ஆம்ப்ஸ் தரும் மிஷின் போதும். 4 மி.மீ. ராடு எரிக்கிற நாள் வந்தால் அப்போது நீங்களே அடுத்த மிஷினுக்கு நாலு பேருக்கு யோசனை சொல்வீர்கள்.

சின்ன மிஷின்மேல் '250' என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே?

அது மாடல் பெயராக இருக்கலாம். ஆம்ப்ஸாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பின்பக்கத் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் அட்டவணையைப் படியுங்கள். அதுவும் இல்லையென்றால் பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

ராடு வெல்டிங்குக்கு ஆர்க் வோல்டேஜைத் தரநிலைகளில் இப்படிக் கணக்கிடுகிறார்கள்: 20-உடன் ஆம்ப்ஸின் 0.04 மடங்கைக் கூட்ட வேண்டும். 200 ஆம்ப்ஸ் என்றால் 28 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். இன்வெர்ட்டரில் 15 சதவீதம் சூடாகப் போகிறது என்று வைத்தாலும் சுவரிலிருந்து 6,600 வாட் வர வேண்டும். 230 வோல்ட்டில் அது குறைந்தது 28 ஆம்ப்ஸ். பவர் ஃபேக்டர் (லைனிலிருந்து இழுப்பதில் உபயோகமாகும் பங்கு) 0.7 மட்டுமே உள்ள சாதாரண இன்வெர்ட்டரில் 40-ஐத் தாண்டும். மெல்லிய வயரும் 16 ஆம்ப்ஸ் பிளக்கும் மாட்டி வந்த மிஷின் 200 தரும் என்று எழுதியிருந்தால், ஒன்று அந்த எண் பொய், இல்லை சில நொடிதான் தரும்.

எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். ராடை எரித்துப் பார்த்துக் கொடுங்கள்.

டியூட்டி சைக்கிளைப் பார்க்க வேண்டுமா?

பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்பதுதான் அது. 200 ஆம்ப்ஸில் 20 சதவீதம் என்றால் 2 நிமிடம் எரித்து 8 நிமிடம் ஓய்வு. ஆம்ப்ஸைக் குறைத்தால் நேரம் வேகமாகக் கூடும், ஏனென்றால் சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதே மிஷினை 90-க்குக் கீழே வைத்தால், கணக்குப்படி நிறுத்தாமலே ஓட்டலாம்.

பழகுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஒரு 3.15 ராடு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே எரியும். பிறகு வெல்டின் மேல் உறைந்த கசடான ஸ்லாக்கைத் தட்டி, பிரஷ் போட்டு, 'ஏன் இப்படிப் புழு மாதிரி நெளிந்திருக்கிறது' என்று உற்றுப் பார்த்து முடிப்பதற்குள் மிஷின் ஆறிவிடும்.

வீட்டு லைன் தாங்குமா?

முதல் பார்வை, மிஷின் எத்தனை பேஸுக்கு என்பதில். பட்டறைகளிலிருந்து வெளியே வரும் பழைய எண்ணெய் டேங்க் மிஷின்கள் (சூடு தணியச் சுற்றை எண்ணெயில் அமிழ்த்தியவை) பல, இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து ஓட்டுவதற்காகச் செய்தவை. அதை வீட்டின் சிங்கிள் பேஸில் மாட்டினால், ராடைப் பிடிக்கும் ஹோல்டர் முனையில் வோல்டேஜ் பாதியாகிவிடும். மிஷின் உறுமும், ராடு பற்றாது. இரண்டு வோல்டேஜுக்கும் தனித்தனி இணைப்பு உள்ள மிஷின்களும் உண்டு. தகட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள். விற்பவர் 'மாத்திக்கலாம்' என்று சொன்னால், மாற்றி எரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, எவ்வளவு இழுக்கும். 90 ஆம்ப்ஸில் எரிக்கும்போது இன்வெர்ட்டர் 230 வோல்ட் லைனிலிருந்து சுமார் 15, 16 ஆம்ப்ஸ் எடுக்கும். அதே வேலையைச் செய்யும் ட்ரான்ஸ்பார்மர் 27, 30 என்று இழுக்கும். காரணம் எளிது. அதன் வெறும் வோல்டேஜ் (ராடு எரியாதபோது ஹோல்டரில் இருப்பது) 70 என்றால், ஆர்க்கில் 24 வோல்ட்தான் செலவானாலும் லைன் சுமப்பது 70-ஐ 90-ஆல் பெருக்கிய சுமை. வீட்டில் விளக்கு மங்குவதும் பிரேக்கர் விழுவதும் இதனால்தான். சில மிஷின்களில் இந்த வீண் சுமையைக் குறைக்கப் பெரிய கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள்.

பிரேக்கர் விழுகிறதே என்று அதை மட்டும் பெரிதாக மாற்றுவது, வீட்டைக் கொளுத்தத் தேதி குறிப்பது மாதிரி. பிரேக்கர் காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கிற வயரை. எலக்ட்ரீஷியனை அழைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து சரியான கனத்தில் தனி லைனும் உறுதியான எர்த்தும் இழுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 2.5 சதுர மி.மீ.-க்குக் குறையாத செம்பு வயர். சுருளை முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். சுற்றி வைத்தபடியே ஓட்டினால் நடுச்சுருள் உருகும்.

110, 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் சாதாரண சாக்கெட்டில் ஓடும் மிஷின் பெரும்பாலும் 2.5 ராடோடு நின்றுவிடும். பழக அதுவே போதும்.

பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போவது?

உங்கள் ஹெல்மெட், கையுறை, உலர்ந்த 6013 ராடில் (ராடு வகையின் எண், விளக்கம் கீழே) 2.5-உம் 3.15-உம் ஐந்தைந்து, 6 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்று, மல்டிமீட்டர், டார்ச். கேபிளைச் சுற்றிக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. விற்பவரிடம் இருக்கும் நமுத்துப்போன ராடை வைத்துச் சோதித்தால் குற்றம் மிஷினுடையதா ராடினுடையதா என்று தெரியாது.

பிளக் போடும் முன் எதைப் பார்ப்பது?

மூக்கைத்தான் முதலில் நம்ப வேண்டும். காற்றோட்டத் துளை அருகே முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் கருகிய வாடை ஒருமுறை வந்தால் லேசில் போகாது. சுற்று அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் தூசி பரவாயில்லை. கிரைண்டர் தூள் கறுப்பாகப் படிந்திருந்தால், இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை அது மின்சாரம் கடத்தும் தூள். அந்த மிஷினுக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டது.

கேபிள் மாட்டும் முனைகள் நீலமோ கறுப்போ பாய்ந்திருக்கிறதா, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இளகியிருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். சொல்கிற பதிலைவிடச் சொல்கிற விதம் விஷயத்தைச் சொல்லிவிடும். கைப்பிடி வகையில் முழுக்க ஒரு முறை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுற்றுங்கள். இறுகினால் எண்ணெய் விடலாம், வழுக்கினால் திருகு தேய்ந்திருக்கிறது. எண்ணெய் டேங்க் வகையில் கசிவும் எண்ணெய் மட்டமும்.

செம்புச் சுற்றா, அலுமினியமா என்று சிலர் அடம்பிடிப்பார்கள். சரியாகச் சுற்றிய அலுமினியமும் உழைக்கும். அதற்குச் செம்பு விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

பிளக் போட்ட பிறகு?

மிஷின் உடம்பில் கை வைக்கும் முன், மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, உடம்புக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவே பாருங்கள். பத்து இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். எர்த் வயர் அறுந்திருக்கலாம், சுற்று கசியலாம்.

பிறகு ஹோல்டருக்கும் எர்த் கிளாம்ப்புக்கும் நடுவே அளக்கலாம். ட்ரான்ஸ்பார்மருக்கு ஏசியில், இன்வெர்ட்டருக்கு டிசியில். 50 முதல் 80 வோல்ட் வரை இருக்க வேண்டும். 45-க்குக் கீழே போனால் 6013 ராடுகூட அடம்பிடிக்கும். ஒரு விலக்கு: அதிர்ச்சியைத் தவிர்க்க, ராடு படாதபோது வோல்டேஜைக் குறைத்து வைக்கும் இன்வெர்ட்டர்கள் உண்டு. அவற்றில் 20-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ காட்டினால் குறை இல்லை.

இனி ராடு. 3.15-ஐ மாட்டி 110 ஆம்ப்ஸ் அளவில் வைத்து, முழு ராடையும் எரியுங்கள். உடனே இரண்டாவதையும். இரண்டு இஞ்ச் எரித்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று நிறுத்துவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் முதல் மிஷினில் அப்படித்தான் ஏமாந்தேன். குளிர்ந்திருக்கும்போது அழகாக எரிந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாவது ராடில் தானாகக் கட் ஆனது. ஃபேன் ஓடவே இல்லை என்பதைக் கவனிக்காமல் வாங்கியிருந்தேன். இரண்டு ராடு முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளக் முள், கேபிள் முனை, ஹோல்டர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாகக் குறைந்த ஆம்ப்ஸில் ஒரு 2.5 ராடு. பல பழைய மிஷின்கள் மேலே நன்றாக இருந்து கீழே தடுமாறும், வீட்டில் நமக்கு வேண்டியது கீழ்ப்பக்கம்தான். கிளாம்ப் மீட்டர் இருந்தால் எரியும்போது கேபிளில் மாட்டி, டயல் சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒன்றா பாருங்கள். இன்வெர்ட்டருக்கு டிசி அளக்கும் வகை வேண்டும்.

'இங்கே லைன் இல்லை, எரித்துக் காட்ட முடியாது, ஆனால் மிஷின் சூப்பர்' என்றால் அதைப் பழைய இரும்பு, செம்பு எடைக்கு மட்டும் கேளுங்கள். அந்த விலைக்குக் கிடைத்தால் நஷ்டமில்லை.

இன்வெர்ட்டரைப் பிரித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடம் அது ஆளைக் கொல்லப் போதும்.

கேபிளும் ஹோல்டரும் மோசமாக இருந்தால் மிஷினையே விட்டுவிடுவதா?

விடாதீர்கள், பேரம் பேசுங்கள். நல்ல மிஷினோடு மோசமான கேபிள் வருவதுதான் பழைய சந்தையின் அதிர்ஷ்டம். 3.15 ராடு வரைக்கும் சில மீட்டர் நீளத்தில் 16 சதுர மி.மீ. கேபிள் ஒப்பேற்றும். 25 போட்டால் கவலையில்லை. வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். இன்வெர்ட்டர் முகப்பில் செருகும் பிளக்குகள் 9 மி.மீ. முள், 13 மி.மீ. முள் என்று இரண்டு அளவில் பரவலாக உண்டு. அளந்துவிட்டு வாங்குங்கள்.

எர்த் கிளாம்ப் ஸ்பிரிங் தளர்ந்து, வாய் துருப்பிடித்துக் கிடக்கும். 'ஆர்க் நிற்கவில்லை' என்று மிஷினைத் திட்டுகிற பலருக்கு நோய் அங்கேதான். பெயிண்ட் மேல் கவ்விவிட்டு மிஷினைக் குற்றம் சொல்வதும் நடக்கும்.

எந்த ராடில் தொடங்குவது?

6013. முதல் இரண்டு இலக்கம் வலிமையைச் சொல்கிறது: சதுர இஞ்சுக்கு 60,000 பவுண்டு. மூன்றாவது 1 என்றால் எல்லா நிலையிலும் அடிக்கலாம். கடைசி இலக்கம் மேல்பூச்சைக் காட்டும். 6013 ஏசி, டிசி இரண்டிலும் எரியும், ஸ்லாக் சுலபமாக உரியும்.

7018 வலுவான வெல்டு தரும், ஆனால் ஈரம் அதற்கு ஆகாது. திறந்து கிடந்தால் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் அடுப்பில் சுட்டு எடுக்க வேண்டும். 6010 டிசி மட்டும், அதுவும் பல சின்ன இன்வெர்ட்டர்களில் பற்றிப் பற்றி அணையும். அதன் ஏசி உறவினர் 6011. மிஷினோடு இலவசமாகத் தரும் பழைய ராடுகளில் பூச்சு உதிர்ந்ததையும், உள்கம்பி துருவேறியதையும் தூக்கி எறியுங்கள். பழகுகிற காலத்தில் கெட்ட ராடு கற்றுக் கொடுப்பது கெட்ட பழக்கம்தான்.

ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மிஷின் மோசமா, என் கை மோசமா?

முதல் வாரம் என்றால் கைதான். ஆனாலும் வரிசையாக விலக்கிப் பாருங்கள். கிளாம்ப் கவ்வும் இடத்தைப் பளபளவென்று கிரைண்ட் செய்யுங்கள். புது பாக்கெட் ராடு எடுங்கள். ஆம்ப்ஸை 10 கூட்டுங்கள். குத்தாமல் தீக்குச்சி உரசுவது போல உரசி, உடனே ராடின் உள்கம்பி கனத்துக்கு மட்டும் தூக்கிப் பிடியுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது லைன் வோல்டேஜை இன்னொருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். 230-இலிருந்து 190-க்கு விழுந்தால் குற்றம் வயரிங்கில். இத்தனைக்கும் பிறகும் ஒட்டினால், பழகிய ஒருவர் கையில் ஹோல்டரைக் கொடுங்கள். அவர் கையிலும் ஒட்டினால் நீங்கள் நிம்மதியாக மிஷினைத் திட்டலாம்.

பாதுகாப்புச் சாமானும் பழையதாக வாங்கலாமா?

ஹெல்மெட் மட்டும் புதிது. ராடு வெல்டிங்குக்கு 10 அல்லது 11 ஷேடு (கண்ணாடியின் இருட்டு அளவு). கூலிங் கிளாஸ் போட்டுப் பார்ப்பதும், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதும் அன்றிரவு கண்ணில் மணல் கொட்டின மாதிரி ஆக்கிவிடும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய காலணி. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும்.

துத்தநாகம் பூசிய பைப்பில் பழகாதீர்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த உலோகத்தில் ஆர்க் அடித்தால் உண்டாகும் பாஸ்ஜீன் நச்சு வாயு அதைவிடப் பல மடங்கு மோசம். வியர்த்து நனைந்த கையுறையோடு ராடு மாற்ற வேண்டாம், முக்கியமாக ஏசி மிஷினில். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் பக்கத்தில் வரக்கூடாது. வேலை முடிந்த பிறகு அரை மணி நேரமாவது அந்த இடத்திலேயே இருங்கள். மரத்தூளிலும் சாக்கிலும் விழுந்த பொறி மெதுவாகத்தான் பற்றும்.

மைக்ரோவேவ் ட்ரான்ஸ்பார்மரை வைத்து நாமே செய்துகொண்டால் என்ன?

அதன் மேல்சுற்று சுமார் 2,000 வோல்ட் தரும். ஒரு தப்புக்கு மேல் இரண்டாவது தப்பு செய்ய ஆள் இருக்க மாட்டார். செய்யாதீர்கள்.

வாங்கி வந்தாயிற்று. முதலில் என்ன செய்ய?

பிளக்கைப் பிடுங்கி வைத்து, உலர்ந்த காற்றால் துளைகள் வழியே ஊதுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு ஊத வேண்டும், இல்லையென்றால் கண்டபடி சுழன்று பேரிங் கெடும். வெளிப்பக்க முனைகளை இறுக்குங்கள். பழைய பிளக்கை வெட்டிவிட்டு, சரியான ஆம்ப்ஸில் எர்த் முள்ளோடு புதியது போடுங்கள். எர்த் கிளாம்ப் வாயை அரத்தால் தேயுங்கள். பிறகு 6 மி.மீ. தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, 3.15 ராடை 110-இல் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். முதல் பாக்கெட் முழுக்க இது மட்டும்தான். இரண்டு தகடுகளைச் சேர்ப்பது அடுத்த பாக்கெட்டில்.